ஆய்வேட்டை யார் படிக்கிறார்கள்?

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வேடுகள் அடுக்கியிருக்கும் அலமாரிப் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். ரெக்சின் அட்டை, தங்க எழுத்து. ஆங்கிலத் துறை வரிசையில் தலைப்புகளைப் படித்துக்கொண்டே போனால் பத்தாவது ஏட்டுக்குள் சூத்திரம் பிடிபட்டுவிடும். ஒரு நாவலாசிரியர் பெயர், அவருடைய 'தேர்ந்தெடுத்த நாவல்கள்', அவற்றில் 'அடையாளத் தேடல்'. அடுத்த ஏட்டில் ஆசிரியர் மாறுவார், தேடல் மாறாது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் காந்திநகர் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் 'சோத்கங்கா'வில் தேடிப் பார்க்கலாம். வடக்கு, தெற்கு என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது.

உடனே திட்டு விழுவது மாணவனுக்குத்தான். 'இந்தக் காலத்துப் பசங்க எங்க சார் படிக்கிறாங்க?' என்பார்கள். படிக்க விட்டால்தானே!

நடந்ததைக் கொஞ்சம் வரிசையாகப் பார்ப்போம். 2009-ல் யு.ஜி.சி. ஒரு விதி போட்டது. பிஎச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும். 2016-ல் அதோடு இரண்டு கருத்தரங்க உரைகளும் சேர்ந்தன. கேட்க நல்ல விதிதான். ஆனால் லட்சக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் கட்டுரை தேவை என்றால் என்ன நடக்கும்? கடை திறப்பார்கள். காசு கட்டினால் சில நாளில் கட்டுரை அச்சில்! 2017-ல் 'அங்கீகரிக்கப்பட்ட' இதழ்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. 2018 மே மாதம் அதிலிருந்து 4305 இதழ்களை யு.ஜி.சி.யே நீக்கியது. 2019-ல் 'கேர்' பட்டியல் வந்தது. 2022 நவம்பரில் பிஎச்.டி.க்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியே போய்விட்டது, கூடவே எம்.ஃபில். படிப்பும் போனது. 2025 பிப்ரவரியில் 'கேர்' பட்டியலையும் கைவிட்டார்கள்.

ஆக, பதின்மூன்று வருடம் நடந்த ஒரு பரிசோதனை. அதற்குச் செலவான பணம் மாணவனுடையது, வயதும் அவனுடையது. உதவித்தொகை வாங்கியவன் எப்படியோ சமாளித்தான். வாங்காதவன் பகுதிநேர வேலைச் சம்பளத்தை இதழ்க்காரரிடம் கட்டினான்.

'விதி இல்லாவிட்டால் ஒரு வரிகூட எழுத மாட்டார்களே' என்று ஒரு வாதம் உண்டு. எழுதத்தான் செய்தார்கள், யார் படித்தார்கள்? கட்டுரையைப் படிக்க நேரம் வேண்டும், எண்ணுவதற்கு ஒரு கை போதும். அதனால் எண்ணினார்கள். உதவிப் பேராசிரியர் தேர்வுக்கான 2018 விதிமுறையும் கட்டுரை ஒன்றுக்கு 2 மதிப்பெண் என்றுதான் கணக்குப் போட்டது. அதே வருடம் வந்த கருத்துத் திருட்டு விதி, 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை என்றது. மென்பொருள் வார்த்தைகளை ஒப்பிட்டுச் சொல்லிவிடும். அந்த ஏட்டில் ஒரு கேள்வியாவது இருக்கிறதா என்று அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர் நெறியாளர்.

பெரிய நஷ்டமும் அந்தக் கேள்வியில்தான். ஆங்கிலத் துறையில் ரெடரிக் என்றால் அரிஸ்டாட்டில். ஈதோஸ், பேதோஸ், லோகோஸ் மூன்றையும் நெட் தேர்வுக்கு மனப்பாடம் செய்தால் முடிந்தது. வகுப்பறைக்கு வெளியே மைக் கட்டி ஒருவர் ஆயிரம் பேரை இரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பேசுகிறாரே, அது என்ன? அதைக் கேட்டவர் பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்கர். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு மாணவராக மதுரைக்கு வந்து மேடைத்தமிழை ஆராய்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம் 2009-ல் அதைப் புத்தகமாக்கியது. அவர் படித்தது மானுடவியல். வெளிநாட்டுக்காரர் செய்தது தப்பில்லை, மகிழ்ச்சிதான். ஆனால் அரிஸ்டாட்டிலும் தெரிந்து, மேடைப் பேச்சைக் கேட்டே வளர்ந்த ஆங்கிலத் துறை மாணவன் இதே தலைப்போடு போனால், 'இது நம்ம சப்ஜெக்ட் இல்லையேப்பா' என்ற பதில் வருவதுதான் தப்பு.

'நம்ம சப்ஜெக்ட்' என்பதன் எல்லையை யார் போட்டது? ஏ.கே. ராமானுஜன் மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்து ஆங்கிலம் கற்பித்தவர். 1967-ல் அவர் கொண்டுவந்த புத்தகம் குறுந்தொகைப் பாடல்களின் மொழிபெயர்ப்பு. ஆங்கில இலக்கியம் என்ற பாடமே இந்தியாவில் காலனி ஆட்சியின் தேவைக்காக எப்படி உருவானது என்று கௌரி விஸ்வநாதன் 1989-ல் ஒரு புத்தகமே எழுதினார். இரண்டுமே ஆங்கிலத் துறைகளில் மேற்கோள் காட்டப்படுகிற பெயர்கள். மேற்கோள் காட்டலாம், அவர்களைப் போலக் கேள்வி கேட்கக் கூடாதா?

கட்டாயக் கட்டுரை போனது ஒரு வாய்ப்பு. முதல் வருடம் முழுக்க மாணவனைப் படிக்க விடுங்கள். இரண்டு மொழி தெரிந்தவனை இரண்டு மொழியிலும் தேட விடுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் நெறியாளர் பேனாவோடு உட்கார்ந்து படிக்கட்டும். வாய்மொழித் தேர்வில் டீ, பிஸ்கட் வருவதற்கு முன் நாலு உண்மையான கேள்வி வரட்டும். இதற்கெல்லாம் புதிய விதி எதுவும் தேவையில்லை.

ஐந்து வருடம் உழைத்து ஒருவன் எழுதியதை அவனுடைய நெறியாளராவது முழுசாகப் படிக்க வேண்டும். அவன் கேட்பது அவ்வளவுதான்.