செம்பரம்பாக்கம் திறந்தா வேளச்சேரி மூழ்குமா? உங்க தெருவுக்கு எந்தத் தண்ணி வரும்னு தெரிஞ்சுக்கோங்க

அக்டோபர் பிறந்து நாலு நாள் மழை பெய்தால் போதும், சென்னை அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே கேள்விதான்: "செம்பரம்பாக்கம் திறந்துட்டாங்களா?" வேளச்சேரியில் இருப்பவர் கேட்கிறார். முடிச்சூரில் இருப்பவர் கேட்கிறார். பெரம்பூரில் இருப்பவரும் கேட்கிறார். விஷயம் என்னன்னா, இந்த மூன்று பேர் வீட்டுக்குள்ளும் வரும் தண்ணீர் செம்பரம்பாக்கத்தில் இருந்து வருவதில்லை.

அந்தப் பயம் 2015-ல் வந்தது. டிசம்பர் 1-ம் தேதி தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு சுமார் 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். அப்படின்னா, ஒவ்வொரு நொடியும் 8 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி கணக்கில் பார்த்தால், நொடிக்கு 65 லாரிக்கு மேல். இந்த அளவு மனதில் இருந்தால், "100 கன அடி திறப்பு" என்று செய்தி வரும்போது யாரும் மூட்டை கட்டத் தேவையில்லை என்பது புரியும்.

செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. பிறகு அனகாபுத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. இந்தப் பாதையின் இரு கரையில் இருப்பவர்கள்தான் அந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்.

முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் அடையாற்றில்தான் இருக்கின்றன. ஆனால் செம்பரம்பாக்கம் நீர் வந்து சேரும் இடத்துக்கு மேலே. அங்கே வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர். செம்பரம்பாக்கம் ஷட்டர் மூடியே இருந்தாலும் முடிச்சூர் மூழ்கலாம். பெரம்பூர், புளியந்தோப்பு பக்கம் ஓட்டேரி நல்லாவும் பக்கிங்ஹாம் கால்வாயும் எவ்வளவு தண்ணீரை இழுக்கின்றன என்பதுதான் கணக்கு. மணலிக்கு கொசஸ்தலை ஆறு.

வேளச்சேரி, மடிப்பாக்கம் கதையே வேறு. தென்சென்னையின் பல ஏரிகளில் வழியும் நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காடு பக்கம் கடலுக்குப் போக வேண்டும். அந்தச் சதுப்பு நிலத்தில்தான் குப்பைக் கிடங்கும் சாலைகளும் ஐ.டி. கட்டடங்களும் வந்தன. மிச்சம் இருப்பதற்கு 2022-ல் ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. பாத்திரம் சின்னதாகிவிட்டது, ஊற்றும் தண்ணீர் குறையவில்லை. அதோடு கடல் மட்டமும் உயர்ந்திருந்தால் வடிய நாள் கணக்கில் ஆகும்.

2023 மிக்ஜாம் புயல் இதைக் காட்டியது. அது கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, சென்னையிலிருந்து 300 கி.மீ.க்கு மேல் தள்ளி. ஆனாலும் சென்னைக் கரையோரமாக மெதுவாக நகர்ந்தபடியே கொட்டித் தீர்த்தது. புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று மேப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது.

ரெட் அலர்ட்டை நம்பலாமா?

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வானிலை மையம் தருவது மாவட்டத்துக்கான எச்சரிக்கை. சிவப்பு என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம், உடனே நடவடிக்கை எடுங்கள் என்று பொருள். 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மறுநாள் எதிர்பார்த்த மழை வரவில்லை, மீம்ஸ்தான் வந்தது. ஆறு வாரம் கழித்து ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கார் நிறுத்தியவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். ஒரு ராத்திரி அலைச்சலா, மூழ்கிய இன்ஜினா என்றால் அலைச்சல் மலிவு. நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விடும். அந்தச் சேதத்துக்கு தனி ஆட்-ஆன் எடுக்காதவர்களுக்கு பெரும்பாலும் இன்சூரன்ஸ் பணம் கிடைக்காது. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி என்றால் வெள்ளச் சேதம் எதற்குமே கிடையாது.

வீடு பார்க்கும்போதே பார்க்க வேண்டியது

ஊர்ப் பெயரே ஒரு துப்பு. தாங்கல் என்றால் சின்ன ஏரி. பழவந்தாங்கலில் வீடு பார்த்தால் அந்தப் பெயரை ஒரு நிமிஷம் யோசியுங்கள். 'ஏரிக்கரைத் தெரு', 'லேக் வியூ ரோடு' என்று போர்டு இருந்து, கண்ணுக்கெட்டிய தூரம் ஏரியே தெரியவில்லை என்றால் நீங்கள் நிற்பதே ஏரிக்குள்ளாக இருக்கலாம். தி.நகரே 1920-களில் பழைய 'லாங் டேங்க்' ஏரியை வடித்துக் கட்டியதுதான்.

புரோக்கர் "இங்க தண்ணியே நிக்காது சார்" என்பார். தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணனையோ மளிகைக் கடை அக்காவையோ, "2015-ல எதுவரைக்கும் வந்துச்சு, 2023-ல எத்தனை நாள் நின்னுச்சு?" என்று கேளுங்கள். காம்பவுண்டு சுவரில் படுக்கையாக ஓடும் கறை, நெஞ்சு உயரத்துக்கு மேல் ஏற்றி மாட்டிய மீட்டர் பெட்டி, வாசலில் புதிதாகக் கட்டிய தடுப்பு மேடு, எல்லாம் பதில்கள்தான்.

இதையெல்லாம் வாடகைக்கு வருபவர் துப்பறிய வேண்டியிருப்பதுதான் அபத்தம். எந்தத் தெருவில் எவ்வளவு நின்றது என்பது மாநகராட்சிக்குத் தெரியும், படகும் மோட்டாரும் அனுப்பியது அவர்கள்தானே. வார்டு அளவில் வெள்ளத்தைக் கணிக்க 'சி-ஃப்ளோஸ்' என்ற அமைப்பும் இருக்கிறது. 2015 வெள்ளத்தை மனிதர்களால் விளைந்த பேரிடர் என்று தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கையே சொன்னது. தெருவாரியான வெள்ள வரலாறு தமிழில், போனில் எல்லோருக்கும் திறக்க வேண்டும். ஏரி திறப்பு அறிவிப்பில் கன அடியோடு, எந்தெந்தத் தெருக்காரர் எத்தனை மணிக்குள் கிளம்ப வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் பெயின்ட் அடிக்கும் செலவுக்குக்கூட ஒரு வரி இருக்கிறது. வெள்ளம் பற்றி ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மழைக்கு முந்தின நாள் செய்ய வேண்டியது பெரிய பட்டியல் இல்லை. தண்ணீர் தேங்கினால் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள், மோட்டார் ஓடாது. அதனால் முதலில் மேல்நிலைத் தொட்டியை நிரப்புங்கள், பிறகு பவர் பேங்க். சான்றிதழ்களும் மாத்திரைகளும் மேல் அலமாரிக்குப் போகட்டும். தரைத்தளத்துக்குள் நீர் வரும் போலிருந்தால், வருவதற்கு முன்பே மெயினை ஆஃப் செய்யுங்கள். வந்த பிறகு ஈரக் காலோடு அதைத் தொடக் கூடாது. சம்ப்பில் சாக்கடை கலந்திருக்கலாம், சுத்தம் செய்யும்வரை அந்தத் தண்ணீர் வேண்டாம். மாநகராட்சிக்கு 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070, மின்வாரியத்துக்கு 94987 94987. நெட் போய்விட்டால் தேட முடியாது, இப்போதே போனில் சேமித்து, ஒரு தாளில் எழுதி கீழ்வீட்டுப் பாட்டியிடமும் கொடுத்துவிடுங்கள்.