கொழுந்தை நிறுப்பவர் கூட்டைக் காணாரோ?

மலையகத்தில் கொழுந்து கொய்வோர் குளவிக்கொட்டுக்குப் பலியாகும்போதெல்லாம் ‘விதி’ என்று கூறிக் கடந்துவிடுகின்றனர். மேற்பார்வையின் குறை என்கிறோம் நாம். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இயந்திரத்துக்கு வேலியிடப் பணித்தது. தேயிலை மலைக்கு அது எட்டவில்லை. அங்கே கங்காணியும் கணக்கப்பிள்ளையுமே காவல். ஆனால், கொழுந்து குறைந்தால் அரைப்பேர் விழுகிறது. கூடு தொங்கும் மரத்தடியிலிருந்து ஆட்களை விலக்கினாலோ, நிறை குறைந்ததற்கு அவர்களே பதில் சொல்ல வேண்டும். நிர்வாகம் அவர்களையும் தராசிலேயே நிறுக்கிறது.

நாம் கோருவன இரண்டு: நிரையில் ஆள் விடுமுன் மலையைப் பார்வையிடுவது மேற்பார்வையாளரின் கடமையாகட்டும், ஆபத்தைக் கண்டால், எவருக்கும் பேர் குறையாமல் வேலையை நிறுத்தும் உரிமையைச் சட்டம் அவருக்கு வழங்கட்டும். தொழிற்சங்கங்களோடு சேர்ந்து ஆசிரியரும் மாணவரும் இதனை உரத்துக் கேட்போம்.