கேள்வி கேட்டால் 10 டாலர் பரிசு... நம்பினால் போவது எவ்வளவு?

திருவிழாக் கூட்டத்தில் லேகியம் விற்றவரை நினைவிருக்கிறதா? அவர் மூச்சுவிடாமல் பேசி முடித்ததும் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும். ``அண்ணே, நாள்பட்ட மூட்டு வலிக்கு இது கேக்குமா?'' அவர் பதில் சொல்வார். கேட்டவர் உடனே, ``ரெண்டு டப்பா குடுங்க'' என்று காசை நீட்டுவார். அதைப் பார்த்து பத்து பேர் வாங்குவார்கள். முதலில் கேட்டவரும் லேகியக்காரரும் ஒரே வண்டியில் வந்தவர்கள் என்பது கூட்டத்துக்குத் தெரியாது.

அந்த லேகியக்காரர் இப்போது செல்போனுக்குள் வந்துவிட்டார். பட்டுக்கோட்டை கடைத்தெருவில் டீ குடித்தபடியே அவருடைய கூட்டத்தில் நிற்கலாம். இந்தக் கூட்டத்துக்குப் பெயர் `ஏ.எம்.ஏ.' அதாவது `ஆஸ்க் மீ எனிதிங்'. தமிழில் சொன்னால், `எதை வேண்டுமானாலும் கேளுங்கள்'.

இது தவறான விஷயமாகத் தொடங்கவில்லை. ரெடிட் தளத்தில் பிரபலங்களிடம் சாதாரண மக்கள் நேரடியாகக் கேள்வி கேட்கும் பழக்கம் அது. 2012 ஆகஸ்ட்டில் அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமாவே அப்படி உட்கார்ந்து பதில் சொன்னார். கிரிப்டோ நாணயம் விற்பவர்கள் அதை எடுத்து விளம்பர உத்தியாக மாற்றிக்கொண்டார்கள்.

எப்படி நடக்கிறது?

புதிதாக ஒரு நாணயத்தைச் சந்தைக்குக் கொண்டுவருபவர்கள், ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கும் ஒரு டெலிகிராம் குழுவின் அட்மினுக்குப் பணம் கொடுப்பார்கள். `இன்று இரவு 8 மணிக்கு நிறுவனருடன் நேரடி கேள்வி - பதில். சிறந்த 10 கேள்விகளுக்குத் தலா 10 டாலர் பரிசு' என்பதுபோல அறிவிப்பு வரும். பரிசு வேண்டுமென்றால் அந்தத் திட்டத்தின் எக்ஸ் பக்கத்தைப் பின்தொடர வேண்டும், பதிவைப் பகிர வேண்டும், அவர்களுடைய குழுவிலும் சேர வேண்டும்.

எட்டு மணிக்கு நிறுவனர் வருவார். முன்கூட்டியே பொறுக்கி வைத்த கேள்விகளுக்கு முதலில் பதில். பிறகு ஓரிரு நிமிடங்கள் மட்டும் எல்லோருக்கும் சாட் திறக்கப்படும். அந்த நேரத்துக்குள் நூற்றுக்கணக்கான கேள்விகள் வந்து விழும். உடனே பூட்டிவிடுவார்கள். அந்தக் குவியலிலிருந்து தனக்குப் பிடித்த ஐந்தாறை நிறுவனரே எடுத்துக்கொள்வார். எதைக் கேட்கலாம் என்பது உங்கள் உரிமை. எதற்குப் பதில் சொல்வது என்பது அவர் கையில்.

பரிசைக் கொடுப்பவரும் அவர்தான். அதனால், `உங்கள் அருமையான திட்டத்தின் அடுத்த கட்டம் என்ன?' என்ற வகைக் கேள்விகளே ஜெயிக்கின்றன. இதையே வேலையாகச் செய்பவர்கள் ஒரே கேள்வியைப் பல குழுக்களில் ஒட்டிக்கொண்டே போகிறார்கள். `போட்ட பணத்தை எப்போது திரும்ப எடுக்கலாம்?' என்று கேட்டால் பதிவு நீக்கப்படும். மீண்டும் கேட்டால் ஆளே நீக்கப்படுவதும் உண்டு. புதிதாக வந்து பார்ப்பவருக்கோ, இத்தனை பேர் கேட்கிறார்கள், நிறுவனர் நேரிலேயே பதில் சொல்கிறார் என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சும்.

யார் பணம்?

2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாய்ந்த மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய் என ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் அறிவித்தது அரசு. திரும்பக் கன்று வைத்து, காய் பார்க்க வருடங்கள் காத்திருந்த குடும்பங்கள் இவை. பல வீடுகளில் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உழைத்து அனுப்பும் பணமும் இருக்கிறது. `மூன்றே மாதத்தில் பத்து மடங்கு' என்ற பேச்சு குறிவைப்பது இந்தச் சேமிப்பைத்தான்.

கதை முடிந்த விதம்

`பிட்கனெக்ட்' நாணயத்தின் நிறுவனர் குஜராத்தின் சூரத்தைச் சேர்ந்தவர் என்கிறது அமெரிக்க அரசின் வழக்கு. 2017 இறுதியில் 400 டாலரைத் தாண்டியிருந்த அந்த நாணயம், 2018 ஜனவரியில் கடன் திட்டத்தை மூடியதும் தரைமட்டமானது. 2022-ல் அந்த நிறுவனர் மீது அமெரிக்காவில் குற்றச்சாட்டு பதிவானது.

2021-ல் `ஸ்குவிட் கேம்' தொடரின் பெயரில் ஒரு நாணயம் வந்தது. அதற்கும் தொடருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. விலை 2,800 டாலரைத் தாண்டி, சில நிமிடங்களில் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு விழுந்தது. வாங்கியவர்களில் பலர், அதை விற்கவே முடியாது என்பதைத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவிகித வரி உண்டு. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. கிரிப்டோவும் ஒரு சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வரி போடுவதாலோ, சொத்து என்று சொல்வதாலோ அந்த நாணயம் நல்லது என்று அரசு முத்திரை குத்திவிட்டதாக அர்த்தம் இல்லை.

கிரிப்டோ விளம்பரங்களில், `இது முறைப்படுத்தப்படாதது, ஆபத்து அதிகம்' என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2022-ல் விதி கொண்டுவந்தது. நேரடி கேள்வி - பதில் பார்வைக்கு விளம்பரம் மாதிரியே இருக்காது. அதனால் அந்த எச்சரிக்கை கண்ணில் படாமலே போய்விடுகிறது.

பணம் போடும் முன் பார்க்க வேண்டியவை

* இந்த நிகழ்ச்சியை நடத்த குழு அட்மினுக்கு யார் பணம் கொடுத்தார்கள்?

* நிறுவனரின் உண்மையான பெயரும் முகவரியும் நிகழ்ச்சிக்கு வெளியே எங்காவது சரிபார்க்கக் கிடைக்கிறதா?

* வாங்கும் தளம், மத்திய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்ததா?

* சிறு தொகைக்கு வாங்கியதை விற்று, வங்கிக் கணக்குக்குக் கொண்டுவர முடிகிறதா? சிறு தொகையை மட்டும் திருப்பித் தந்து ஆசை காட்டுபவர்களும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

* ஆள் சேர்த்தால் கமிஷன் என்கிறார்களா? அப்படியென்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். நீங்கள் சேர்த்துவிடுவது உங்கள் மாமாவையும் மச்சானையும்தான்.

ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும். குழு உரையாடல்களையும் பரிவர்த்தனை விவரங்களையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இரவு சாப்பாட்டு நேரத்தில் போனும் கையுமாக இருக்கும் மகனைப் பார்த்து, ``ஏன்டா தம்பி, அதை வித்தா காசு கைக்கு வருமா?'' என்று ஓர் அம்மா கேட்டால், அந்தக் கேள்விக்கு எந்தக் குழுவிலும் 10 டாலர் பரிசு கிடைக்காது. ஆனால், வீட்டுச் சேமிப்பைக் காப்பாற்றும் கேள்வி அதுதான்.