ஆண்டுக்கு இருமுறை விதையில்லாத் திராட்சை: கம்பத்தால் முடியுமா?

பூன் லே பிளேஸ் ஈரச்சந்தையின் பழக்கடைகளில் திராட்சைக்கு ஓய்வு மாதம் கிடையாது. பெட்டியில் ஒட்டியிருக்கும் நாட்டின் பெயர்தான் மாறும்: தென்னாப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, பிறகு அமெரிக்கா. பெரும்பாலும் விதையில்லாதவை. உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் சிங்கப்பூர், ஒரு நாட்டின் பருவம் முடிந்ததும் அடுத்த நாட்டை நாடுகிறது. ஒரே தோட்டம் ஆண்டுக்கு இருமுறை காய்த்தால் நமக்கு மட்டுமல்ல, விவசாயிக்கும் லாபம். விலை நன்றாக இருக்கும் மாதத்தைப் பார்த்து அவர் அறுவடையைத் திட்டமிடலாம்.

தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் இதில் பாதி ஏற்கெனவே நடக்கிறது. 2023ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் விளைகிறது. அங்கே கடுங்குளிர் இல்லாததால் கொடி உறங்குவதில்லை. கவாத்து செய்தால் துளிர்த்து, ஏறக்குறைய நான்கு மாதங்களில் பழம் தருகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து மாதத்தை மாற்றினால் வரத்து தொடரும். ஆனால் அந்தப் பழத்தில் விதை உண்டு. அதே மாவட்டத்து ஓடைப்பட்டியில் விதையில்லாத் திராட்சையும் விளைகிறது, பொதுவாக ஆண்டுக்கு ஓர் அறுவடை மட்டும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மொட்டில் இருக்கிறது. திராட்சையின் பூங்கொத்து, பூப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே மொட்டுக்குள் உருவாகத் தொடங்கிவிடும். அந்த வேளையில் வெயில் போதாவிட்டால், கொத்து வரவேண்டிய இடத்தில் வெறும் பற்றுக்கம்பி வரும். உலகெங்கும் பயிராகும் தாம்சன் சீட்லெஸ் ரகத்தில் கிளையின் அடிப்பகுதி மொட்டுகள் அதிகம் காய்ப்பதில்லை. அதனால்தான் மகாராஷ்டிராவின் நாசிக் விவசாயிகள் ஏப்ரலில் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை கவாத்து செய்தாலும் அறுவடை ஒன்றே. முதல் கவாத்து காய்க்கும் கிளையை உருவாக்க, இரண்டாவது பழத்துக்காக. இடையில் பெய்யும் பருவமழையில் பழம் விட்டால் அடிச்சாம்பல் நோய் விடாது.

இந்தச் சிக்கலுக்கு பிரேசில் வேறு வழி கண்டது. அந்நாட்டு அரசு ஆய்வு நிறுவனமான எம்ப்ராபா, 2012ல் ‘பிஆர்எஸ் விட்டோரியா’ என்ற கறுப்பு விதையில்லா ரகத்தை வெளியிட்டது. அதன் மொட்டுகள் நன்கு காய்ப்பவை. அடிச்சாம்பல் நோயையும் ஓரளவு தாங்கும். மிதவெப்பமான வடக்குப் பரானாவிலும், வறண்ட சான் பிரான்சிஸ்கோ பள்ளத்தாக்கிலும் அதை ஆண்டுக்கு இருமுறை அறுவடை செய்கிறார்கள்.

ஆக, வெப்பநிலையை மட்டும் குறை சொல்வதில் பொருளில்லை. ரகம்தான் முக்கியம் என்பது என் கருத்து. இதில் செலவும் உண்டு. உறங்காத கொடியின் மொட்டுகளை ஒரே சமயத்தில் துளிர்க்க வைக்க, ஹைட்ரஜன் சயனமைடு என்ற வேதிப்பொருளைத் தடவுவது பல நாடுகளில் வழக்கம். அது தொழிலாளர் உடலுக்குக் கேடு. ஐரோப்பிய ஒன்றியம் தன் தோட்டங்களில் அதை அனுமதிப்பதில்லை. விதையில்லாத பழம் பெருக்க ஜிப்ரலிக் அமிலமும் தெளிக்கவேண்டும். தனியார் ரகம் என்றால் உரிமத்தொகை வேறு; சிறு விவசாயிக்கு அது பெரும் சுமை.

தேனி மாவட்டத்து ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கம்பத்தின் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற, உரிமத்தொகை கேட்காத ஒரு விதையில்லா ரகம் வருவதானால் இத்தகைய பொது நிலையத்திலிருந்துதான் வரவேண்டும். புதிய கொடி நட்டு முதல் பழம் பார்க்கவே ஓராண்டுக்கு மேலாகும். ஒரு ரகத்தை உருவாக்கிச் சோதிக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை அதற்கான நிதி தடைபடக்கூடாது.