பொய்யின்மேல் எழுந்த தீர்ப்பு

தீர்ப்பு என்னுஞ் சொல்லே வழக்குத் தீர்ந்தமையைக் குறிக்கும். தீர்ந்ததனை மீளவுங் கிளறலாகாது என்பது நீதிநெறியின் பழைய கொள்கை. முடிவில்லா வழக்கினால் இருதிறத்தாரும் நலிவரன்றோ? ஆயின், அத்தீர்ப்புப் பொய்யொன்றன்மேல் எழுந்ததாயின் யாது செய்வது? மணநீக்கத்தின்பின் ஆதனம் பகிரும் கட்டளைகள் தொடர்பாக இங்கிலாந்து நீதிமன்றுகளை ஏறத்தாழ நாற்பதாண்டுகளாக எதிர்நோக்கிவரும் வினா இதுவாம்.

1985ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை தீர்த்த லிவ்ஸி வழக்கிலே பிழைத்தவர் மனைவியார். மறுமணத்துக்கு இசைந்திருந்தும் அதனை மறைத்து, இல்லத்திற் கணவருக்குரிய பாதியைத் தமக்காக்கும் சம்மதக் கட்டளையைப் பெற்றார். அக்கட்டளை நீக்கப்பட்டது. இருவரும் தத்தம் நிலையை ஒளியாது உரைத்தல் ஒருவருக்கொருவர் செய்யுங் கடன் மாத்திரமன்று, நீதிமன்றுக்குச் செய்யுங் கடனுமாம் என்பது அங்கே உறுதியாயிற்று. எனினும், மறைத்தது சிறிதாயிற் கட்டளை நிலைக்கும் என்றுஞ் சபை கூறிற்று.

பொய்யை அறிந்தே உரைத்தால்? 2015ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆந் தேதி உயர்நீதிமன்றம் விடையிறுத்தது. ஷார்லண்ட் வழக்கிற் கணவர் மென்பொருட் கம்பனியொன்றின் பங்காளர். பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்கும் எண்ணம் இல்லை என்றார். உண்மையிலோ அதற்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. அவர் சொல்லை நம்பி மனைவியார் உடன்பட்டார். கட்டளைக்கு முத்திரையிடுமுன் பத்திரிகைச் செய்தியால் உண்மை வெளிப்பட்டது. பின்னர் அவ்விற்பனை நிகழாமையாற் கட்டளை மாறவேண்டியதில்லை எனக் கீழ்மன்றுகள் கருதின. ஹேல் சீமாட்டியார் எழுதிய தீர்ப்பு அதனை மறுத்தது. வஞ்சனையாற் பெற்ற சம்மதம் சம்மதமாகாது. பொய்யினால் விளைவு மாறியிராது என நிறுவும் பொறுப்பு பொய்த்தவரையே சாரும் என்றது. வஞ்சிக்கப்பட்டவர்மேல் அச்சுமையை ஏற்றாமையே இத்தீர்ப்பின் அறம்.

அதே நாளில் முடிந்த கோஹில் வழக்கிலே, கணவர் யாவும் வெளியிட்டார் என்பதைத் தாம் ஏற்கவில்லை என்னும் மனைவியாரின் நிலைப்பாடு கட்டளையிலேயே குறிக்கப்பட்டிருந்தது. அவர் ஐயுற்றமை கணவரின் கடனை நீக்காது என்றது மன்று.

பொய்யன்றி ஊழே தீர்ப்பின் அடித்தளத்தைக் குலைப்பதும் உண்டு. பார்டர் வழக்கிலே, இல்லத்தை மனைவிக்கு வழங்கிய கட்டளை பிறந்து ஐந்து வாரத்துள் அவர் தம் பிள்ளைகளைக் கொன்று தாமும் மாய்ந்தார். அப்பிள்ளைகளுக்கு உறையுள் வேண்டும் என்பதன்மேல் எழுந்த கட்டளை 1987இல் நீக்கப்பட்டது. ஆயின் அவ்வாயில் மிகக் குறுகியது. 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியிற் பங்குவிலை வீழ்ந்து செல்வமிழந்த மயர்சன் என்பார் 2009இல் முறையிட்டபோது, மேன்முறையீட்டு மன்று இரங்கவில்லை. சந்தையின் ஏற்றத்தாழ்வு எவரும் எதிர்பார்க்கத்தக்கதே என்றது.

நேர்மையாக எய்திய முடிவைக் காலத்தின் மாற்றம் எளிதில் அசைக்கலாகாது. வஞ்சனையால் எய்திய முடிவுக்கோ அக்காவல் இல்லை. இவ்வேற்றுமையே நெஞ்சிற் பதிக்கத்தக்கது. பொற்கொல்லனின் பொய்யை நம்பிப் பாண்டியன் விதித்த கட்டளையை, உண்மை வெளிப்பட்டபின் மீட்க வழியிருக்கவில்லை. கோவலன் உயிர் போயிற்று. ஆதன வழக்கில் மீட்சிக்கு இடமுண்டு. இடமிருந்தும் மீளாத நீதி, பொய்யின் காவலாகவே முடியும்.