பாண்டியன் கொடுத்த பத்திரம்

மூணாறு மலைகள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு எப்போது எழுந்தாலும், கடைசியில் ஒரு பழைய காகிதத்தில் வந்து நிற்கிறது. 1877 ஜூலை 11 தேதியிட்ட குத்தகைப் பத்திரம் அது. எழுதிக் கொடுத்தவர் பூஞ்சார் ராஜா கேரள வர்மா.

பூஞ்சார், கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சில் ஆற்றங்கரையில் உள்ள ஊர். அங்குள்ள அரச குடும்பம் தன்னைப் பாண்டிய வம்சம் என்கிறது. 12ஆம் நூற்றாண்டில் மதுரையில் நாடிழந்த மானவிக்ரம குலசேகரப் பெருமாள், பரிவாரத்தோடு கூடலூர் வழியாக மலையேறி வந்து, தெக்கும்கூர் மன்னனிடம் நிலம் பெற்று நிலைகொண்டார் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. கல்வெட்டு கேட்கும் சரித்திரக்காரர்களுக்கு இது போதாதுதான். ஆனால் மலையாள நாட்டின் நடுவே, பூஞ்சாரில் ஒரு மீனாட்சி கோயில் இருக்கிறதே! பந்தளம் ராஜாக்களும் தங்களைப் பாண்டிய வழி என்பவர்கள். மதுரையில் தோற்றவர்களுக்கு மேற்கு மலை வெகுகாலம் அடைக்கலமாக இருந்தது போலும்.

மறையூர், காந்தளூர் உள்ளிட்ட அஞ்சுநாடும் கண்ணன் தேவன் மலைகளும் காலப்போக்கில் பூஞ்சார் வசம் வந்தன. பெயர்தான் ஆட்சி, பெரும்பகுதி காடும் புல்வெளியும். 1750 வாக்கில் திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மா தெக்கும்கூரை விழுங்கியபோது பூஞ்சார் தப்பியது. தப்பியது என்றால், ராஜா என்ற அந்தஸ்து போய் 'இடவகை'த் தலைவர் என்ற அந்தஸ்து மிஞ்சியது. திருவிதாங்கூருக்குக் கட்டுப்பட்டு, சில சலுகைகளோடு நிலத்தை அனுபவிக்கும் பிரபு.

வடக்கே இன்னொரு கணவாயில் பாலக்காட்டு ராஜா வேறு விதமாகக் கெட்டார். சாமூதிரியின் தொல்லை தாங்காமல் 1757ல் மைசூரின் ஹைதர் அலியிடம் படை உதவி கேட்டார். வழி தெரிந்துகொண்ட ஹைதர் 1766ல் மலபார் முழுவதையும் பிடிக்கத் திரும்பி வந்தார். பாலக்காடு படையை அழைத்துக் கெட்டது. பூஞ்சாருக்கு ஒரு கையெழுத்தே போதுமானதாக இருந்தது.

கையெழுத்தை வாங்கியவர் ஜான் டேனியல் மன்றோ. பீர்மேட்டில் திருவிதாங்கூர் அரசின் ஏலமலைகளைக் கவனித்துவந்த ஆங்கிலேயர். சுமார் 1,37,000 ஏக்கருக்கு முன்பணம் 5,000 ரூபாய், வருடக் குத்தகை 3,000 ரூபாய். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு அரையணாகூட இல்லை. ராஜாவைக் குறை சொல்லிப் பயனில்லை. யானையும் மலேரியாவும் ஆண்ட காட்டிலிருந்து அவருக்கு அதற்குமுன் என்ன பெரிதாக வந்திருக்கும்?

1878ல் திருவிதாங்கூர் அந்தக் குத்தகையை அங்கீகரித்தது. காபியும் சின்கோனாவும் போட்டுப் பார்த்துவிட்டுத் தேயிலைக்கு மாறினார்கள். 1897ல் ஃபின்லே குழுமத்தின் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. காடு பொன்னானதும் திருவிதாங்கூருக்கு ஞானம் வந்தது. இந்த மலைகள் தன் ராஜ்யத்தின் பிரிக்க முடியாத பகுதி, பூஞ்சார் தலைவர் அனுபவிப்பதெல்லாம் மகாராஜா விட்டுவைத்த உரிமை மட்டுமே என்று 1899ல் பிரகடனம் வெளியிட்டது. 1955ல் இடவகை உரிமைகளையும் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டார்கள்.

1971ல் கேரள அரசு கண்ணன் தேவன் நிலங்களை மீட்கச் சட்டம் கொண்டுவந்தது. அது செல்லும் என்று 1972ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் சுமார் 57,000 ஏக்கர் கம்பெனியிடமே விடப்பட்டது. அதே 1971ல்தான் பூஞ்சார் வம்சத்தின் கடைசிப் பெரும் புள்ளியான கோதவர்ம ராஜா குலு பள்ளத்தாக்கில் விமான விபத்தில் இறந்தார். கேரள விளையாட்டுக் கவுன்சிலை உருவாக்கிய ஜி.வி. ராஜா இவரே. திருவிதாங்கூர் இளவரசி கார்த்திகைத் திருநாளின் கணவர். இவர்களின் மகன் மூலம் திருநாள் ராம வர்மா 2013ல் திருவிதாங்கூர் குடும்பத் தலைவரானார். விழுங்கிய வீட்டுக்கே விழுங்கப்பட்ட வீட்டுப் பிள்ளை தலைவர்!

ராஜாக்களின் கதை அங்கே முடிந்துவிட்டது. பத்திரத்தின் கதை முடியவில்லை. திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கங்காணிகள் கூட்டிவந்த தமிழர்களே அந்த மலையைத் தோட்டமாக்கினார்கள். 1956ல் மாநில எல்லை போட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடே நின்றன, தொழிலாளிகளும் நின்றார்கள். குத்தகை, மறுகுத்தகை, மீட்புச் சட்டம் என்று எத்தனையோ தாள்கள் எழுதப்பட்டும், தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்குக் குடியிருக்கும் லயம் சொந்தமில்லை. வேலை ஓய்ந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மண்ணுக்குள் போனதும் இப்படிப்பட்ட லயங்களிலிருந்துதான். 1,37,000 ஏக்கரை ஒரே கையெழுத்தில் கொடுத்த மலையில், அவர்களில் பலர் ஒரு சென்ட் நிலத்துக்கு இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.