பளபளக்கும் பொய்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் என்னைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். சாப்பாடு ஒரு வியாஜம்தான் என்பது எனக்குத் தெரியும். பழைய பட்டாளத்துத் துப்பாக்கிகளைச் சேகரிப்பதில் எங்கள் இருவருக்கும் பைத்தியம் உண்டு. அவருக்குப் பைத்தியத்தோடு பணமும் உண்டு. எனக்குப் பைத்தியம் மட்டும்.

பாயசம் ஆனதும் என்னைக் கூடத்துக்கு அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு துப்பாக்கி மின்னிக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டு வெள்ளிச் சொம்பு தோற்றுப் போகும்! கட்டையில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

"எப்படி ஸார்?" என்றார்.

"எப்பொழுது காலமாயிற்று?" என்று கேட்டேன்.

அன்றிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நேரில் சொல்ல முடியாமற்போனதை இங்கே எழுதுகிறேன். அவரைப் போன்றவர்கள் நாட்டில் பலர் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். ஆகையால் இந்த அடி என் முதுகிலும் விழுகிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அந்தத் துப்பாக்கியை, அது 'புதுப்பிக்க'ப்படுவதற்கு முன் நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். 1853-ம் வருஷத்து என்ஃபீல்டு என்று சொல்லி யாரோ அவருக்கு விற்றிருந்தார்கள். என்ஃபீல்டு எப்படி இருக்க வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. குழாய் 39 அங்குல நீளம். அதைக் கட்டையோடு பிணைக்க மூன்று இரும்பு வளையங்கள். உள்ளே .577 அங்குல அகலம். அதில் மூன்று சுருள் பள்ளங்கள். குண்டு வெளியேறும்போது இந்தப் பள்ளங்கள் அதைப் பம்பரம்போல் சுழற்றிவிடும். சுழல்கிற குண்டு நேரே போகும். குறி பார்ப்பதற்குக் குழாயின் மேல் ஒரு சிறிய ஏணி. 100 கஜத்திலிருந்து 400 கஜம் வரை படிகள். அதற்கு மேல் வேண்டுமானால் ஏணியைத் தூக்கி நிறுத்திக்கொள்ளலாம்.

நண்பருடைய துப்பாக்கியில் ஏணி இல்லை. ஏணி இருக்க வேண்டிய இடத்தில் அசையாத ஒரு சின்ன இரும்புத் துண்டு இருந்தது. குழாயின் வாயில் விரலை விட்டால் பள்ளமும் இல்லை. வழவழவென்று தண்ணீர்க் குழாய் மாதிரி இருந்தது. நண்பர் புத்தகத்தைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ஏணியை எவனோ தொலைத்துவிட்டான். சுட்டுச் சுட்டுப் பள்ளமெல்லாம் தேய்ந்துவிட்டது."

தேயவில்லை, ஸ்வாமி! வேண்டுமென்றே எடுத்தார்கள்!

கொழுப்புத் தடவிய தோட்டாவின் கதையை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் கலந்திருக்கிறது என்ற பேச்சு, பல்லால் கடித்துத் திறக்க வேண்டிய காகிதத் தோட்டா, 1857 மார்ச் 29-ந் தேதி பாரக்பூரில் மங்கள் பாண்டே, மே 10-ந் தேதி மீரத். அந்தத் தோட்டா எந்தத் துப்பாக்கிக்காகச் செய்யப்பட்டதோ, அதுதான் இந்த என்ஃபீல்டு. பள்ளிக்கூடத்துக் கதை வழக்கமாக அங்கேயே முடிந்துவிடும். துப்பாக்கியின் கதை முடியவில்லை.

கிளர்ச்சியை அடக்கிய பிறகு ஆள்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. இந்தியச் சிப்பாய் இல்லாமல் இந்தியாவை ஆள முடியாது. ஆனால் அவன் கையில் வெள்ளைச் சிப்பாயின் துப்பாக்கிக்குச் சமமான துப்பாக்கியைக் கொடுக்கவும் பயம். வழி கண்டுபிடித்தார்கள். அதே என்ஃபீல்டு, அதே நீளம், அதே மூன்று வளையம், அதே கிரீடம். ஆனால் உள்ளே பள்ளங்கள் இல்லை. மேலே ஏணி இல்லை. இந்தியப் பட்டாளங்களுக்கென்றே 1858-லும் 1859-லும் இப்படி மாதிரிகள் வகுத்தார்கள். அணிவகுப்பு மைதானத்தில் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே துப்பாக்கி. சுட்டால் அல்லவா தெரியும்! வெள்ளைச் சிப்பாயின் குண்டு பல நூறு கஜம் குறி தவறாமல் போகும். இவனுடைய குண்டு நூறு கஜத்தைத் தாண்டினால் பகவான் விட்ட வழி.

இது ஒரு நாள் கோபத்தில் செய்த காரியமும் அல்ல. நாற்பது வருஷம் கழித்து, 1897-ல் வடமேற்கு எல்லையில் திராஹ் சண்டை நடந்தபோது, வெள்ளைப் பட்டாளத்தின் கையில் புதிய லீ-மெட்ஃபோர்டு இருந்தது; பக்கத்தில் நின்று அதே எதிரியோடு போரிட்ட இந்தியச் சிப்பாயின் கையில் பழைய மார்ட்டினி-ஹென்றி இருந்தது. எப்போதும் ஒரு படி கீழே!

இப்போது சொல்லுங்கள். அந்த வழவழப்பான குழாய் குறையா? அது ஒரு வாக்குமூலம். 'உன்னை நான் நம்பவில்லை' என்று ஒரு சர்க்கார் தன் சிப்பாயிடம் இரும்பில் சொன்ன வார்த்தை. என் நண்பர் என்ன செய்தார்? லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரு ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து, வேறொரு துப்பாக்கியின் ஏணியைக் கொண்டுவந்து பற்றவைத்தார். கட்டையை உப்புத்தாள் போட்டு இழைத்தார். குதிரைக்குக் கீழே உள்ள தகட்டைச் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்கினார். அவமானப்படுத்தப்பட்ட சிப்பாயின் துப்பாக்கி, அவமானப்படுத்தியவனுடைய துப்பாக்கியாக மாறிவிட்டது! இதற்குப் பெயர் புதுப்பித்தலாம். பத்திரத்தில் எழுத்தைச் சுரண்டிவிட்டு வேறு எழுதினால் அதற்கு நாம் என்ன பெயர் சொல்கிறோம்?

பழைய ராணுவத் துப்பாக்கி என்பது ஒரு கடிதம். படித்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். தகட்டில் கிரீடத்தோடு 'என்ஃபீல்டு' என்று இருந்தால் அது சர்க்கார் தொழிற்சாலையில் இயந்திரத்தால் செய்தது. ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் மாட்டலாம். 'டவர்' என்று இருந்தால் பெரும்பாலும் பர்மிங்ஹாமில் தனியார் பட்டறைகளில் கையால் இழைத்துச் சேர்த்தது. அங்கே ஒன்றின் திருகு மற்றொன்றுக்குப் பொருந்தாது. அதனால் தொழிலாளி தன் துப்பாக்கியின் உறுப்புகளை அடையாளம் காண்பதற்காக, வெளியில் தெரியாத இடத்தில் அரத்தால் சின்னச் சின்னக் கீறல் போட்டு வைப்பான். மூன்று கீறல் உள்ள திருகு மூன்று கீறல் உள்ள துப்பாக்கிக்கு. அந்தக் கீறலைப் பார்க்கும்போதெல்லாம், பெயர் தெரியாத ஒரு தொழிலாளி என்னோடு இரண்டு வார்த்தை பேசியதுபோல் இருக்கும்.

அகன்ற தலையுள்ள ஓர் அம்பு இருந்தால் சர்க்கார் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டிருந்தால் சர்க்கார் வேண்டாமென்று விற்றுவிட்டது. கட்டையின் வயிற்றில் நங்கூரத்துக்கு மேலே 'ஜே.எஸ்.' என்ற எழுத்துகள் இருந்தால், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாகாணத்தாருக்காக வாங்கியது. குழாயின் பின்பக்கம் வெட்டப்பட்டு, பக்கவாட்டில் திறக்கும் ஒரு மூடி பொருத்தப்பட்டிருந்தால், 1866-க்குப் பிறகு ஸ்னைடர் முறைப்படி மாற்றப்பட்டது. இவ்வளவும் மயிரிழை ஆழத்துக்கு மேல் போகாத எழுத்துகள். உப்புத்தாளுக்கு இவற்றைத் தின்னக் கால் மணி நேரம் போதும்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தின்னக் கொடுத்தவன் நான்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன், சேகரிக்கத் தொடங்கிய புதிதில், பழைய இரும்புக் கடையில் ஒரு துப்பாக்கியின் தகடு மட்டும் எனக்குக் கிடைத்தது. துரு மூடியிருந்தது. வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து உற்சாகமாகத் தேய்த்தேன். துரு போய்விட்டது. அதற்குக் கீழே நான்கு காலுள்ள ஏதோ ஒன்றின் நிழல் தெரிந்தது. நன்றாகத் தெரியட்டுமென்று இன்னும் நாலு இழுப்பு இழுத்தேன். நிழலும் போய்விட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் துப்பாக்கித் தகட்டில் பின்காலில் நிற்கும் சிங்கத்தைப் பொறிப்பது வழக்கம் என்று அப்புறம்தான் படித்தேன். அது சிங்கமா, வேறேதாவதா? இனி எந்த மகானாலும் சொல்ல முடியாது. அந்தத் தகடு இன்றும் என் மேஜையின் மேல் இருக்கிறது. மிகவும் சுத்தமாக இருக்கிறது.

"அப்படியானால் துரு தின்னட்டும் என்று விட்டுவிடுவதா?" என்று நண்பர் கட்சியினர் கேட்பார்கள். அப்படி யார் சொன்னது? துருவிலும் இரண்டு ஜாதி உண்டு. செம்பொடியாக உதிர்கிற துரு உயிரோடிருக்கிறது. அதை நிறுத்தியே ஆக வேண்டும். இரும்போடு ஒட்டிக் கறுத்து அடங்கிவிட்ட பழுப்பு நிறம் கிழவனின் நரை மாதிரி. அதை விட்டுவிட வேண்டும். முதலில், குழாய்க்குள் பழைய மருந்தும் குண்டும் கெட்டித்தபடியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கஜக்கோலை உள்ளே விட்டு, அது நின்ற இடத்தை வெளியே அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். நூறு வருஷத்துக் கெட்டிப்பும் ஆளைக் கொல்லும். அப்படி இருந்தால் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள். பிறகு எல்லாக் குறிகளையும் படம் எடுத்து, நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் எண்ணெய். எண்ணெய் ஊறட்டும், இரண்டு நாள் ஆகட்டும். மெல்லிய துணி, பொறுமை, கடைசியில் மெழுகுப் பூச்சு. கட்டைக்குத் துணியில் நனைத்த ஆளிவிதை எண்ணெய் இரண்டு சொட்டு. அவ்வளவுதான் வைத்தியம்.

"வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதில்லையா?" என்று ஒரு சகோதரி கேட்டார். தேய்க்கலாம், அம்மா. குத்துவிளக்கு இன்றைக்கும் எரிகிறது. அதன் வேலை முடியவில்லை. துப்பாக்கியின் வேலை முடிந்துவிட்டது. இனி அதற்குச் சாட்சி சொல்வது ஒன்றுதான் உத்தியோகம். சாட்சியின் வாயைத் தைத்துவிட்டு முகத்துக்குப் பவுடர் பூசுவது என்ன நியாயம்? நம் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சியடித்துக் கல்வெட்டு எழுத்துகளைத் தேய்த்தபோது நமக்கு வயிறு எரியவில்லையா? அந்த எரிச்சலில் ஒரு பங்கை இந்த இரும்புக்கும் கொடுங்கள் என்கிறேன்.

"நம்மைச் சுட்ட வெள்ளைக்காரனின் துப்பாக்கிதானே, தேய்ந்தால் என்ன?" என்று தேசபக்தர் ஒருவர் கேட்டார். வெள்ளைக்காரனின் துப்பாக்கியல்ல ஐயா, இது நம்மவன் தோளில் கிடந்தது. சம்பளத்துக்குச் சுமந்தான், சமமில்லை என்று தெரிந்தே சுமந்தான். அதற்கு இந்தப் பள்ளமில்லாத குழாயைவிட நல்ல அத்தாட்சி எங்கே இருக்கிறது?

"என் பணம், என் துப்பாக்கி" என்பது கடைசி வாதம். நூறு வருஷம் தாண்டிய பொருளைத் தொல்பொருள் என்று 1972-ம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. சொந்தக்காரரானாலும் நீங்கள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதாவது, உங்கள் சொத்திலும் ஊருக்கு ஒரு பங்கு உண்டு என்று சட்டமே நினைக்கிறது. பணம் கொடுத்து நீங்கள் வாங்கியது இரும்பையும் மரத்தையும்தான். அதில் எழுதியிருப்பது உங்களுக்குப் பின்னால் வருகிறவனுக்கும் சேர்த்து எழுதியது.

நண்பர் இதைப் படிப்பார் என்பது எனக்குத் தெரியும். தகட்டில் போன எழுத்து போனதுதான். அந்த வருத்தத்தில் நானும் பங்காளி. ஆனால் அந்த ஏணியைக் கழற்றிவிடலாம். கழற்றி ஒரு டப்பியில் போட்டு, 'இது இந்தத் துப்பாக்கியைச் சேர்ந்ததல்ல' என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு என்னை மறுபடியும் சாப்பாட்டுக்கு அழைக்கட்டும். இரண்டாம் தடவையும் பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன்.